உழைப்பும் உதவித்தொகையும்

வேலை இழந்தவனுக்கு அரசாங்கம் பணம் கொடுத்து வந்தால் அவன் உழைப்பை மறந்துவிடுவானா? கொடுக்காமல் விட்டால் அவனும் அவன் குடும்பமும் என்ன ஆவர்? கொடுப்பதாயின் எத்தனை வாரம் கொடுப்பது? வரலாற்று வகுப்பில் இக்கேள்விகள் எழும்போதெல்லாம் மாணவர்கள் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். ஒரு தொழிலை நன்கு கற்று உடல் வருந்தி உழைப்பவனுக்குப் பிறர் உதவி எதற்கு என்பர் ஒரு சாரார். வேலையே இல்லாத ஊரில் எங்கே சென்று உழைப்பது என்பர் மற்றொரு சாரார். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இவ்வழக்கில் ஊகத்தைக் காட்டிலும் வரலாறே நல்ல சாட்சி. இங்கிலாந்து நாட்டில் இவ்வழக்கு நூறாண்டுக்கு மேலாக நடந்தது. அதன் கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எலிசபெத் அரசியின் காலத்தில், 1601-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஏழையர் சட்டம், ஒவ்வோர் ஊர் வட்டமும் தன் ஏழைகளைத் தானே காக்க வேண்டும் என்று விதித்தது. நிலமும் வீடும் உடையோர் வரி கொடுத்தனர். அவ்வரியிலிருந்து முதியோர்க்கும் நோயாளர்க்கும் உதவி கிடைத்தது. உடல் வலிமை உடையோர்க்கு வேலை தருவதும் அச்சட்டத்தின் நோக்கமாகும். 1795-ஆம் ஆண்டில் தானிய விலை ஏறிப் பஞ்சம் வாட்டியபோது, பெர்க்ஷயர் மாவட்டத்து நீதிபதிகள் ஸ்பீனாம்லாந்து என்னும் இடத்தில் கூடினர். ரொட்டியின் விலையையும் குடும்பத்தின் அளவையும் கணக்கிட்டு, கூலி போதாதவர்க்கு வரிப்பணத்திலிருந்து குறை நிரப்புவது என்று முடிவு செய்தனர். இரக்கத்தில் பிறந்த ஏற்பாடுதான். ஆனால் குறையை ஊரார் நிரப்புகின்றனர் என்றால் கூலியை உயர்த்துவானேன் என்று பண்ணையார் எண்ணுவதற்கும் அது இடம் கொடுத்தது.

வரிச்சுமை ஏறிற்று. 1832-ஆம் ஆண்டில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. நசாவ் சீனியர், எட்வின் சாட்விக் என்போர் அதில் முதன்மை பெற்றவர். உதவியே சோம்பலை வளர்த்தது என்று அக்குழு தீர்ப்பளித்தது. அதன் பயனாக 1834-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. உதவி வேண்டுவோர் ‘ஒர்க்ஹவுஸ்’ எனப்பட்ட ஏழை விடுதிக்குள் வரவேண்டும்; அங்கே கணவன் வேறு, மனைவி வேறு, மக்கள் வேறாகப் பிரிந்து வாழவேண்டும்; விடுதியின் வாழ்க்கை, வெளியே மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவனின் வாழ்க்கையைவிடத் தாழ்ந்ததாகவே இருக்கவேண்டும். இதுவே அச்சட்டத்தின் நெறி. அக்குழு திரட்டிய சான்றுகளை 1960-களில் மார்க் பிளாக் என்னும் பொருளியல் அறிஞர் மீண்டும் ஆராய்ந்து, அவை குழுவின் தீர்ப்புக்கு உரிய ஆதாரம் ஆகவில்லை என்று காட்டினார். தீர்ப்பு முன்னே நடக்க, விசாரணை பின்னே வந்தது போலும்!

இனித் தொழிலாளரிடம் வருவோம். வேலையில்லாக் காலத்து உதவி என்பது அரசாங்கம் கண்டுபிடித்த ஒன்று எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. முறையாகத் தொழில் கற்று, அத்தொழிலில் பெருமை கொண்ட கைவினைஞர்களே அதனை முதலில் சீராக நடத்திக் காட்டினர். தச்சரும் கொத்தரும் வார்ப்பட வேலைக்காரரும் தத்தம் சங்கங்களில் வாரந்தோறும் பணம் கட்டினர். 1851-ஆம் ஆண்டில் அமைந்த பொறித்தொழிலாளர் ஒன்றியச் சங்கத்தில் வாரச் சந்தா ஒரு ஷில்லிங். அக்காலக் கூலிக்கு அது சிறு தொகை அன்று. அதற்கு ஈடாக, நோயுற்றபோதும் முதுமையிலும் வேலை இழந்தபோதும் சங்கம் உதவிற்று. 1860-ஆம் ஆண்டில் அமைந்த தச்சர் சங்கமோ, உறுப்பினரின் கருவிப்பெட்டி களவு போனாலும் தீயில் எரிந்தாலும் ஈடு கொடுத்தது. உளியும் இழைப்புளியும் இழந்த தச்சன் ஒரு நாளில் கூலிக்காரனாகிவிடுவான் என்பதை அச்சங்கத்தார் அறிந்திருந்தனர்.

அவர்கள் ஏமாளிகள் அல்லர் என்பதையும் நீங்கள் கவனிக்கவேண்டும். வேலையற்ற உறுப்பினர் சங்கக் கிளையில் வைத்திருந்த ஏட்டில் தவறாமல் கையொப்பம் இடவேண்டும். எந்தப் பட்டறையில் ஆள் தேவை என்ற செய்தி அதே கிளைக்கு வந்துசேரும். சங்கம் வகுத்த கூலிக்கு வேலை கிடைத்தும் மறுத்தால் உதவி நின்றுவிடும். அக்கூலிக்குக் குறைவாகக் கொடுக்க முன்வந்தால் மறுக்கலாம், உதவி நில்லாது. ஆகவே, அவ்வுதவி ஒருவனுடைய பசியை ஆற்றியதோடு அத்தொழில் முழுவதன் கூலியையும் காத்தது. பசியினால் ஒருவன் பாதிக் கூலிக்குச் சென்றால், மறுநாள் அவன் பக்கத்தில் நிற்பவனின் கூலியும் பாதியாகும் அன்றோ? கொடுப்பவர் வாங்குபவரை அறிந்திருந்தனர். இருவரும் ஒரே தொழிலினர். நாளைக்கு இடம் மாறலாம் என்பதையும் இருவரும் அறிந்திருந்தனர். உழைப்பையும் உதவியையும் பகையாக அவர்கள் கருதவே இல்லை.

ஆனால் இப்பாதுகாப்பு, சந்தா கட்ட வசதியுள்ள தேர்ந்த தொழிலாளர்க்கே கிடைத்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்க்கும் அன்றாடக் கூலிக்கும் அது எட்டவில்லை. 1909-ஆம் ஆண்டில் வில்லியம் பெவரிட்ஜ் என்னும் இளைஞர் ஒரு நூல் எழுதினார். வேலையின்மை தனி மனிதனின் குணக்குறை அன்று, தொழில்துறையின் அமைப்பில் உள்ள குறை என்பது அந்நூலின் கருத்து. அதே ஆண்டில், வணிக அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் வேலைவாய்ப்பு நிலையங்களுக்கான சட்டத்தைக் கொண்டுவந்தார். 1910, பிப்ரவரி 1 அன்று அவை திறக்கப்பட்டன.

அடுத்து 1911-ஆம் ஆண்டுத் தேசியக் காப்புறுதிச் சட்டம் வந்தது. கட்டடம், கப்பல் கட்டுதல், பொறித்தொழில், இரும்பு வார்ப்பு, வண்டி செய்தல், மரம் அறுத்தல் போன்ற சில தொழில்களை மட்டும் அது தேர்ந்துகொண்டது. ஏறத்தாழ 22½ இலட்சம் தொழிலாளர் அதன்கீழ் வந்தனர். தொழிலாளி வாரம் 2½ பென்ஸ் கட்டவேண்டும். முதலாளியும் 2½ பென்ஸ். அரசாங்கமும் தன் பங்கைச் சேர்க்கும். வேலை போனால், முதல் வாரம் காத்திருந்தபின், வாரம் 7 ஷில்லிங் கிடைக்கும். ஓராண்டில் 15 வாரங்களுக்கு மேல் கிடையாது. ஐந்து வாரம் கட்டியவனுக்கு ஒரு வாரத்து உதவி என்பது கணக்கு. தேர்ந்த பொறித்தொழிலாளியின் கூலியில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே ஆகும். அதை நம்பி எவரும் வேலையை விட்டிருக்க மாட்டார்.

இச்சட்டம் உருவாகியபோது நடந்த ஒரு வாதம் சிந்திக்கத்தக்கது. குடியினாலோ தீயொழுக்கத்தினாலோ வேலை இழந்தவனுக்கு உதவி கொடுக்கலாமா என்று அதிகாரிகள் வினவினர். பணம் கட்டியவன் பெறட்டும். ஒழுக்கத்தையும் கணக்கையும் ஒன்றாகக் கலப்பதைத் தாம் விரும்பவில்லை என்பது சர்ச்சிலின் விடை. அவர் கருத்து முழுவதும் ஏற்கப்படவில்லை. தக்க காரணமின்றி வேலையை விட்டவனுக்கும் தீய நடத்தையால் நீக்கப்பட்டவனுக்கும் ஆறு வாரம் உதவி மறுக்கப்பட்டது. எனினும், கட்டியவனுக்கு உரிமை உண்டு என்னும் கொள்கை நிலைபெற்றது.

முதல் உலகப்போர் முடிந்தது. 1920-ஆம் ஆண்டில் இக்காப்புறுதி 1 கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர்க்கு விரிவாக்கப்பட்டது. விரித்த கை மடங்குமுன் வாணிகம் வீழ்ந்தது. 1921-ஆம் ஆண்டில் வேலையற்றோர் தொகை 20 இலட்சத்தைத் தாண்டிற்று. புதிதாகச் சேர்ந்தவர் இன்னும் போதிய வாரங்கள் பணம் கட்டியிருக்கவில்லை. பழையவரோ தமக்குரிய வாரங்களைத் தீர்த்துவிட்டனர். போர்க்களத்திலிருந்து மீண்ட வீரர்களை ஏழை விடுதிக்கு அனுப்புவதா? அரசாங்கம் அஞ்சிற்று. கட்டாத பணத்துக்கும் உதவி கொடுத்தது. இதற்கே 1924-இல் ‘நீட்டித்த உதவித்தொகை’ என்ற பெயர் வந்தது. மக்கள் இதனை ‘டோல்’ என்றனர். தருமமாக அளந்து கொடுக்கும் பங்கைக் குறித்த பழஞ்சொல் அது. உரிமையாக இருந்தது மெல்ல மெல்லத் தருமமாக மாறியதை அச்சொல்லே காட்டிவிடுகிறது.

தருமம் என்றால் பெறுபவனின் தகுதியை ஆராய்வர். ஆகவே, தான் உண்மையாகவே வேலை தேடுவதாக விண்ணப்பதாரரே மெய்ப்பிக்கவேண்டும் என்ற விதி, 1921-இல் நீட்டித்த உதவி கேட்டோர்க்கும் 1924-இல் எல்லோர்க்கும் ஏற்பட்டது. இன்று எந்த ஆலைக்குச் சென்றாய், எத்தனை மணிக்கு, யாரைக் கண்டாய் என்று குழுவினர் வினவுவர். ஊரில் இருந்த ஒரே சுரங்கம் மூடிக்கிடந்தாலும், வேலை இல்லை என்று தெரிந்தே கதவு கதவாக நடந்தாகவேண்டும். 1930-இல் அவ்விதி நீக்கப்படும் வரையில் ஏறத்தாழ 30 இலட்சம் விண்ணப்பங்கள் அதன்கீழ் மறுக்கப்பட்டன. உளி பிடித்த கைகளுக்கு, உழைப்பதற்குப் பதிலாக உழைப்பைத் தேடுவதே தொழிலாகிவிட்டது!

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. பிள்ளைகள் பலரை உடைய, தொழில் பயிலாத கூலியாளுக்கு, உதவித்தொகைக்கும் கிடைக்கக்கூடிய கூலிக்கும் இடையே வேற்றுமை சிறிதாகவே இருந்தது. அத்தகையவர்களுள் சிலர் குறைந்த கூலிக்குச் செல்லத் தயங்கியிருக்கலாம். அவர் தயங்கியது உழைப்புக்கா, உழைத்தும் வயிறு நிறையாத கூலிக்கா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. சோம்பலைப் பற்றிப் பேசியவர்கள், கூலி ஏன் அவ்வளவு தாழ்ந்திருந்தது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய பெருமந்தம் உலகெங்கும் பரவிற்று. 1931 ஆகஸ்டில், உதவித்தொகையை நூற்றுக்குப் பத்து வீதம் குறைப்பதா என்ற பூசலில் பிரிட்டனின் தொழிற்கட்சி அமைச்சரவை உடைந்தது. பின்வந்த தேசிய அரசாங்கம் ஆண்தொழிலாளியின் 17 ஷில்லிங்கை 15 ஷில்லிங் 3 பென்ஸாகக் குறைத்தது. இருபத்தாறு வாரங்களுக்கு மேல் உதவி வேண்டுவோர் குடும்ப வருவாய்ச் சோதனைக்கு உட்படவேண்டும் என்றும் விதித்தது. மகன் ஒருவன் சிறிது சம்பாதித்தால் தகப்பனின் உதவி குறையும். தகப்பனுக்குச் சோறிடும் பொருட்டு மகன் வீட்டை விட்டு வெளியேறிய கொடுமையும் நடந்தது. 1933 ஜனவரியில் வேலையற்றோராகப் பதிவானோர் ஏறத்தாழ 30 இலட்சம் பேர்.

இவ்வெண்ணிக்கைக்கு முகம் கொடுக்க ஓர் ஊரைக் காட்டுகிறேன். டைன் ஆற்றங்கரையில் ஜாரோ என்னும் நகரம். பாமர் என்பவர் நிறுவிய கப்பல் தளத்தில் 1852-இல் ‘ஜான் போஸ்’ என்ற நிலக்கரிக் கப்பல் நீரில் இறங்கிற்று. அன்று முதல் ஊரே கப்பல் தளத்தால் வாழ்ந்தது. இரும்புத் தகடு வளைப்போர், தறையாணி அடிப்போர், கொதிகலன் செய்வோர் எனத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த கைகள் அங்கே இருந்தன. கப்பல் தளங்கள் மிகுந்துவிட்டன என்று கருதிய முதலாளிகளின் கூட்டமைப்பு ஒன்று அத்தளத்தை வாங்கி 1934-இல் மூடிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு அங்கே கப்பல் கட்டக்கூடாது என்று தடையும் இட்டது. பத்துத் தொழிலாளருள் ஏழு பேர் வேலையின்றி நின்றனர். ‘கடினமாக உழை’ என்ற அறிவுரையை அவர்களிடம் சொல்வதற்கு யாருக்கு வாய் வரும்?

1936, அக்டோபர் 5 அன்று அவ்வூரார் இருநூறு பேர், உறுப்பினர் எல்லன் வில்கின்சன் அம்மையாரின் துணையோடு, இலண்டன் நோக்கி நடந்தனர். ஏறத்தாழ 280 மைல். பதினோராயிரத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தை ஓக் மரப் பெட்டியில் சுமந்து சென்றனர். அவர்கள் கேட்டது உதவித்தொகை அன்று, வேலை. வழியில் லெஸ்டர் நகரை அடைந்தபோது அவர்தம் காலணிகள் தேய்ந்து கிழிந்திருந்தன. அவ்வூர்க் கூட்டுறவுச் சங்கத்தின் காலணித் தொழிலாளர் கூலி பெறாமல் இரவெல்லாம் விழித்திருந்து அவற்றைத் தைத்துக் கொடுத்தனர். இவ்வழக்கில் நான் படித்த சாட்சியங்களுள் இதைவிட உயர்ந்தது ஒன்றும் இல்லை. வேலை உள்ள கை வேலையற்ற கையை ஏளனம் செய்யவில்லை. அதன் பயணத்துக்குத் துணை நின்றது. நடந்தவர்கள் அக்டோபர் 31-இல் இலண்டன் சேர்ந்தனர். உடனடிப் பயன் ஏதும் விளையவில்லை. ஊர் திரும்பியபோது, நடந்த நாட்களில் அவர்கள் வேலைக்கு ஆயத்தமாக இல்லை என்று சொல்லி அந்நாட்களின் உதவித்தொகையைப் பிடித்தம் செய்தனர்.

நீண்ட வேலையின்மை மனிதனை என்ன செய்கிறது? இதற்கு விடை காண, இங்கிலாந்தை விட்டுச் சற்று ஆஸ்திரியா நாட்டுக்குச் செல்வோம். வியன்னாவுக்கு அருகே மாரியென்டால் என்னும் சிற்றூரின் நெசவாலை 1930-ஐ ஒட்டி மூடப்பட்டது. மேரி யகோடா, பால் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் என்னும் ஆராய்ச்சியாளர் அவ்வூரை ஆராய்ந்து 1933-இல் நூல் வெளியிட்டனர். ஓய்வு மிகுந்தால் மக்கள் மிகுதியாகப் படிப்பர் என்று நாம் எண்ணுவோம். அங்கே நூலகத்திலிருந்து எடுத்துச் சென்ற நூல்களின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வேலையற்ற ஆண்கள் தெருவில் நின்று நின்று நடந்தனர். வீட்டு வேலை உடைய பெண்களோ விரைந்து சென்றனர். இன்னொன்று கேளுங்கள். விறகு கிடைக்கும் என்று மரம் வெட்ட உதவிய ஒருவருக்கு உதவித்தொகை நிறுத்தப்பட்டது. வாத்தியம் வாசித்துச் சில காசு பெற்றவருக்கும் அதே கதி. உழைக்காதே என்று சட்டமே கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, உழைக்கவில்லையே என்று ஊர் அவனைப் பழிக்கிறது!

ஆகவே, நீண்டகால உதவியில் தீங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பயிலாத கைத்திறன் துருப்பிடிக்கும். பட்டறையில் இருந்து விலகிய பிட்டரின் கண்ணளவு ஐந்தாண்டில் மங்கும். அவனிடம் தொழில் பழகியிருக்கவேண்டிய இளைஞன் ஒருபோதும் பழகாமலே போவான். 1936-க்குப் பின் பிரிட்டன் மீண்டும் படைக்கலம் செய்யத் தொடங்கியபோது, 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலையின்றி இருக்கையிலேயே, தேர்ந்த பொறித்தொழிலாளர் கிடைக்காமல் ஆலைகள் திண்டாடின. வேலையற்றவர்க்குத் தொழில் கற்பிக்கும் அரசாங்கப் பயிற்சி நிலையங்கள் 1925 முதலே இருந்தன. ஆனால் தேவைக்கு அவை மிகச் சிலவே. மரம் வெட்டவும் பாதை போடவும் மூன்று மாதம் அனுப்பி ‘உடம்பை முறுக்கேற்றும்’ முகாம்களும் இருந்தன. அவை தொழில் எதையும் கற்பிக்கவில்லை. முடித்து வந்தோருள் பெரும்பாலோர்க்கு வேலையும் கிடைக்கவில்லை.

போர் வந்தது. சோம்பேறிகள் என்று பழிக்கப்பட்ட இலட்சக்கணக்கானோர் எங்கே சென்றனர்? ஆலைக்கும் கப்பல் தளத்துக்கும் களத்துக்கும் சென்றனர். 1944-இல் வேலையற்றோர் தொகை ஒரு இலட்சத்துக்கும் கீழே இறங்கிற்று. பதினோர் ஆண்டில் ஒரு நாட்டு மக்களின் குணம் மாறிவிடவில்லை; ஆலையின் கதவு திறந்தது, அவ்வளவே.

1942-ஆம் ஆண்டில், முன் சொன்ன பெவரிட்ஜ் புகழ்பெற்ற தம் அறிக்கையை வெளியிட்டார். முப்பதாண்டு அனுபவத்தின் பிழிவு அது. வேலையில்லாக் காலம் முழுவதும் உதவி தொடரட்டும். ஆனால் குறித்த காலத்துக்குப் பின், அதனைப் பெறுவோர் வேலை நிலையத்துக்கோ தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ வரவேண்டும் என்றார். உதவியும் வேண்டும், கை சும்மா இருக்கவும் கூடாது என்பது அவர் கருத்து. 1946-ஆம் ஆண்டுச் சட்டமோ காலவரம்பை மீண்டும் வைத்தது. முனைந்து வேலை தேடுவதைக் காட்டவேண்டும் என்ற நிபந்தனையும் 1989-இல் திரும்பி வந்தது. வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து நான் கொள்ளும் முடிவு இது. உழைப்பைப் போற்றுபவர் வேலையற்றவனுக்கு உதவுவதை வெறுக்கவேண்டியதில்லை. அவ்வுதவியை முதலில் முறைப்படுத்தியவர்களே உழைப்பைப் போற்றிய கைவினைஞர்கள்தாம். ஆனால் அவர்கள் மூன்றையும் ஒருங்கே காத்தனர்: வயிற்றைக் காத்தனர், கூலியைக் காத்தனர், கருவிப்பெட்டியையும் காத்தனர். பின்வந்த அரசாங்கங்கள் முதலாவதை அரைகுறையாகச் செய்து, மற்ற இரண்டையும் மறந்தன. எத்தனை வாரம் கொடுப்பது என்ற கேள்வியையே அவை திரும்பத் திரும்பக் கேட்டன. அந்த வாரங்களில் அவன் கை என்ன செய்யும் என்று கேட்டவர் சிலரே.

நீங்கள் ஒரு தொழிலைப் பழுதறக் கற்றுக்கொள்ளுங்கள். அது உங்களுக்குச் சோறும் பெருமையும் தரும். ஆயினும் திறமை மட்டும் போதும் என்று இறுமாந்துவிடாதீர்கள். ஜாரோவின் தொழிலாளர் திறமையில் எவருக்கும் குறைந்தவர் அல்லர். வேலையற்று நிற்கும் ஒருவனைக் கண்டால், அவன் உழைக்க விரும்புகிறானா என்று கேட்பதற்கு முன், அவன் ஊரில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று கேளுங்கள்.